எதில் முதலில் ஏறுவது? காணும் பொங்கலுக்கு வேலூரிலிருந்து பிடதி

போகி, ஞாயிறு. சத்துவாச்சாரி

காணும் பொங்கலன்று வீட்டில் யாரும் அடுப்படியில் நிற்கக் கூடாது, எல்லோரும் எங்காவது வெளியே போய் வர வேண்டும். என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். வேலூர்க்காரர்களுக்குப் போக்கிடமும் தெரிந்ததுதான்: கோட்டை, அமிர்தி, ஏலகிரி, ஸ்ரீபுரம். அன்றைக்கு அங்கெல்லாம் கூட்டம் எப்படி மொய்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வேலூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை ஸ்பெஷல் விட்டாலும் அமிர்தி பஸ்ஸின் படிக்கட்டில் நாலு பேராவது தொங்கிக்கொண்டுதான் போவார்கள்.

இந்த முறை பேரன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கூடப் படிக்கிற பையன்கள் பெங்களூர் பக்கம் பிடதியில் இருக்கும் ஒண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்கிறார்களாம். "நீங்க இன்னா சொன்னாலும் சரி தாத்தா, இந்த வாட்டி ரோலர் கோஸ்டர்தான்" என்றான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளை சென்னைக்கே போய்விடலாம் என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்காக்கள் இருக்கின்றனதான். ஆனால் காணும் பொங்கலன்று பாதிச் சென்னை மெரினாவில் இருக்கும், மீதிப் பேர் அந்தச் சாலையில் இருப்பார்கள். பிடதி போகலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் காலண்டர். கர்நாடகத்தில் சங்கராந்தி விடுமுறை ஒரே நாளில் முடிந்துவிடும். நமக்கு அதற்கு மேலும் திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று இரண்டு நாள் உண்டு. இந்தத் தடவை உழவர் திருநாள் புதன்கிழமை வருகிறது. நம் பிள்ளைகளுக்கு லீவு, பெங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ரைடுகளுக்கு வரிசை போடுவதெல்லாம் அப்புறம்தான். சரியான நாளைப் பிடித்துவிட்டாலே பாதி க்யூ குறைந்துவிடும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்தேன். பஸ் நிலையத்தில் பழகிய ஒரு கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தத் திட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு தடத்தில் இருநூறு பேர் நின்றால் புதிதாக வேலைக்கு வந்தவர் பதறிப்போவார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகும் தடம் என்றால் அது கூட்டமே இல்லை, அரை மணியில் காலியாகிவிடும். வெறும் நாற்பது பேர் நிற்கும் கிராமத்துத் தடத்துக்கு ஒன்றரை மணிக்கு ஒரு பஸ்தான் என்றால், சண்டை அங்கேதான் வரும். அதனால் நிற்கிற தலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது, வண்டிக்கு எத்தனை சீட், இந்த இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

பூங்காவுக்கும் இதே கணக்குதான். பெரும்பாலானவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதில் முதலில் ஏறுகிறார்கள், இல்லாவிட்டால் பார்க்கப் பெரிதாக இருப்பதில். மணிக்குக் குறைவான பேரை ஏற்றுகிற ரைடு எதுவோ அதில் முதலில் ஏற வேண்டும் என்பது என் கட்சி. அலைக்குளத்தில் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கலாம், அதற்குக் காலையில் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த கணக்கு உயரம். ஒண்டர்லாவில் டிக்கெட்டே வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். தலைகீழாகப் புரட்டுகிற பெரிய ரைடுகளில் ஏறவும் இந்த 140தான் பல இடங்களில் எல்லை. மகள் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்தாள். வாசற்காலில் பேத்தியை நிறுத்தி, குதிகால் மரத்தில் படும்படி வைத்து, தலையின் மேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டோம். மூச்சை இழுத்துக் கழுத்தை நீட்டினாள் குழந்தை. 137. இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள். அப்போதும் 137தான். "மூணு செண்டிமீட்டர்தானே தாத்தா, விட மாட்டாங்களா?" என்று கேட்டாள். விட மாட்டார்கள் கண்ணு, தோளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பி உன்னைவிட உயரமான ஆளுக்காகச் செய்தது என்று உள்ளதைச் சொன்னேன். முகம் வாடித்தான் போயிற்று.

அப்போதே நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதத் தொடங்கினேன். பேரனுடைய பட்டியலை எழுதிவிட்டு இடைவெளிகளில் பேத்தியைச் செருகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் அவளுடைய பட்டியல். அவன் ஒரு பெரிய ரைடில் ஏறும் ஒவ்வொரு நேரத்திலும் அவளுக்குப் பக்கத்திலேயே ஏறுகிற மாதிரி ஒன்று இருக்க வேண்டும். கம்பிவேலிக்கு வெளியே நின்று அண்ணனுக்குக் கை காட்டிக்கொண்டிருக்க அவளை அவ்வளவு தூரம் கூட்டிப் போகப் போவதில்லை.

மாட்டுப் பொங்கல், செவ்வாய். லால்பாக் எக்ஸ்பிரஸ்

காலையில் மாட்டுக்குப் படையல். மத்தியானம் கிராமத்தில் காளை விடும் விழாவுக்கு வரச்சொல்லி மச்சான் போன் செய்தார். அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் காட்பாடியில் லால்பாக் ஏறிவிட்டோம்.

நைலான் துணியெல்லாம் நேற்றே லாங் பஜாரில் வாங்கியாகிவிட்டது. பருத்தி உடையோடு நீர் ரைடுகளில் விட மாட்டார்கள். நூல் பிசிறு வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும், ஈரமானால் துணியும் கனத்து இழுக்கும். பூங்காவிலேயே உடை விற்கிறார்கள். ஆனால் அதை வாங்கும் நேரம் காலை நேரம், அந்த அரை மணியை நான் கவுண்டரில் செலவழிக்கத் தயாரில்லை.

குடியாத்தம் தாண்டியதும் என் நோட்டை மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறார். படித்துவிட்டு, "மாமா, நீங்க பஸ் நிலையத்துல போட்ட கணக்குக்கு ஒரு விதியே இருக்கு" என்றார். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் நிரூபித்ததாம். க்யூவில் சராசரியாக நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை, நிமிஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். அதையே நமக்கு வேண்டிய மாதிரி திருப்பிப் போட்டால், முன்னால் நிற்கும் தலையை, நிமிஷத்துக்கு உள்ளே போகும் தலையால் வகுத்தால் போதும், காத்திருக்கும் நேரம் வந்துவிடும். வங்கியோ, ஆஸ்பத்திரியோ, ரேஷன் கடையோ, எல்லாவற்றுக்கும் பொருந்துமாம். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கையில் விசிலை வைத்துக்கொண்டு நாங்கள் மனக்கணக்காகச் செய்துவந்ததை ஒருவர் கணிதமாகவே நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்.

அதோடு விடவில்லை மாப்பிள்ளை. பத்து ரைடுகள் இருந்தால் அவற்றை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா என்று பேரனைக் கேட்டார். அவன் நூறு என்றான். 36,28,800 விதம். முதல் இடத்துக்குப் பத்துத் தேர்வு, இரண்டாவதற்கு ஒன்பது, அடுத்து எட்டு என்று பெருக்கிக்கொண்டே போனால் வருகிறது. பல ஊர்களுக்குப் போக வேண்டிய வியாபாரி எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்று ஒரு பழைய கணக்கு உண்டாம், இதுவும் அந்தச் சாதிதான். 1963-இல் அதைத் தீர்க்க ஒரு முறையை எழுதிய நால்வரில் ஒருவர் அதே ஜான் லிட்டில், இன்னொருவர் கட்டா மூர்த்தி என்ற நம் நாட்டுக்காரர். எல்லா வரிசையையும் பார்ப்பதில்லை அவர்கள். உதவாது என்று தெரிந்த கிளையை அப்படியே வெட்டிவிட்டு மிச்சத்தில் தேடுவது அந்த முறை.

வெட்டுவதற்கு நமக்கு நிறையவே கிடைக்கிறது. நீர் ரைடுகள் நண்பகலுக்குப் பிறகுதான் திறக்கின்றன, சாயங்காலம் மற்றவற்றுக்கு முன்பே மூடிவிடுகின்றன. நனைந்த பிறகு உலர் ரைடில் ஏற உடை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு அரை மணி. அதனால் நீர் ஒரே கட்டமாக, நடுவில்தான் வர முடியும். சுழற்றும் ரைடுகள் சாப்பாட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். பேத்தியின் உயரம் ஒரு பக்கத்தை வெட்டுகிறது, என் மனைவியின் முழங்கால் இன்னொரு பக்கத்தை. கடைசியில் நோட்டில் நின்றவை ஏழெட்டு வரிசைகள்தான்.

வயிறு விஷயத்தில் எனக்கு ஏலகிரி பஸ் டிரைவர்கள் சொன்னதுதான் வேதம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கும் பாதை அது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்க்கிறவர் வாந்தி எடுப்பதில்லை. பின் சீட்டில் குனிந்து போனைப் பார்ப்பவர்தான் மூன்றாவது வளைவிலேயே ஜன்னலைத் தேடுவார். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்லும், எதுவும் ஆடவில்லை என்று கண் சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரளுகிறது. சுழலும் ரைடிலும் கண்ணை மூடாதே, எதிரே தூரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தேன்.

ஜோலார்பேட்டை தாண்டி வண்டி குப்பம் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியபோது வெளியே நன்றாக இருட்டிவிட்டது. வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், பெங்களூர் 900 மீட்டர். இறங்கியதும் குளிர் தெரிந்தது. ரயில் நிலையத்திலிருந்தே ஊதாத் தட மெட்ரோவில் கெங்கேரி, அங்கே கொழுந்தியாள் வீடு. வெண்பொங்கல் வைத்துக்கொண்டு தூங்காமல் காத்திருந்தார்கள்.

காணும் பொங்கல், புதன். பிடதி

காலையில் பிடதி தட்டு இட்லி. ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், அதற்கு மேல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஒண்டர்லா மைசூர் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. 2005-இல் தொடங்கியது, 82 ஏக்கர். நாங்கள் போனபோது இன்னும் ரைடுகள் ஓட ஆரம்பிக்கவில்லை. மற்றவர்கள் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பஸ்களை எண்ணினேன். பள்ளி, கல்லூரிச் சுற்றுலா பஸ்கள் ஒன்பது நின்றன. பஸ்ஸுக்கு 45 பேர் என்று வைத்தால் நானூறு பேர். இவர்கள் தவிர மற்றவர்கள் கொஞ்சம்தான். அதாவது இன்றைய கூட்டம் என்பதே இந்த ஒன்பது பஸ்தான். அவர்கள் எங்கே போகிறார்களோ அங்கே நாம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரியம்.

பஸ்ஸில் வந்த கூட்டம் ஒருபோதும் சட்டென்று நகராது. ஆசிரியர் தலை எண்ண வேண்டும், டிக்கெட் பிரிக்க வேண்டும், ஒரு பிள்ளை பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டு ஓடும், எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. இறங்கியதிலிருந்து முதல் ரைடு வரை அரை மணிக்குக் குறையாது. எங்களுக்கு முன்பதிவு டிக்கெட், கையில் ஒரே பை, அதையும் லாக்கரில் போட்டுவிட்டு நேராக ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டருக்கு நடந்தோம்.

ரீகாயில் ஏன் முதலில் என்று சொல்கிறேன். ஒரே ஒரு ரயில்தான் அதில். ரயிலைப் பின்பக்கமாக இழுத்துச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது நிலையத்தின் ஊடாகப் பாய்ந்து வந்து, தலைகீழ்ச் சுற்றுகளைக் கடந்து எதிர்ச் சரிவில் ஏறி நிற்கிறது. பிறகு அதே தண்டவாளத்தில் பின்னோக்கி, அதே சுற்றுகள் மறுபடி. போன பாதையிலேயே திரும்பி வர வேண்டியிருப்பதால் இரண்டாவது ரயில் விடவே முடியாது. ஒரு நடைக்கு 28 பேர். நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். ஒரு நடை கிளம்பியதிலிருந்து அடுத்தது கிளம்ப ஏறத்தாழ நான்கு நிமிஷம் ஆனது. ஓடுகிற நேரம் அதில் பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் ஏறுவது, பூட்டுவது, ஒவ்வொரு தோள்கம்பியையும் ஊழியர் கையால் இழுத்துப் பார்ப்பது, இறங்குவது. ஆக மணிக்கு 15 நடை, 420 பேர், நிமிஷத்துக்கு ஏழு பேர். ஒன்பது பஸ் பிள்ளைகளும் இங்கே வந்துவிட்டால் கடைசிப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பேரனும் மாப்பிள்ளையும் இரண்டாவது நடையிலேயே ஏறிவிட்டார்கள். அதே நேரத்தில் மகள் பேத்தியைப் பக்கத்து ரைடுக்கு அழைத்துப் போய்விட்டாள். பேரன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரயில் பின்பக்கமாக மேலே ஏறும்போது அவன் முகம் தரையைப் பார்த்துத் தொங்குகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் மூட்டுகள் வெளுத்துவிட்டன. இழுக்கும் சத்தம் டக் டக்கென்று கேட்கிறது, பிறகு ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை, அப்புறம் கொக்கி விடுகிறது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்தவனிடம் கழுத்து வலித்ததா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றான். அந்த வளையத்தைக் கூர்ந்து பார்த்தால் காரணம் தெரியும், அது முழு வட்டம் இல்லை. நீர்த்துளி மாதிரி, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் வட்டமாகவே கட்டிப் பார்த்தார்கள், வளைவு திடுக்கென்று தொடங்குவதால் கழுத்தில் அடி விழுந்தது. 1976-இல் கலிபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில்தான், வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் போட்ட கணக்கால், இந்த நீர்த்துளி வடிவம் நிலைத்தது. நெடுஞ்சாலை வளைவுகளையும் ரயில் பாதை வளைவுகளையும் இப்படித்தான் அமைக்கிறார்கள். நேர்ப்பாதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளைய வேண்டும்.

உடனே இன்னொரு தடவை என்று பேரன் கெஞ்சினான். க்யூவில் ஆளே இல்லைதான். ஆனாலும் காலை முதல் ஒரு மணி நேரத்தை ஒரே ரைடில் கரைக்கக் கூடாது. இதே மாதிரி குறைவான சீட் உள்ள மற்றவை காலியாக இருக்கும் நேரமும் அதுதான். உயரத்திலிருந்து சட்டென்று விழ வைப்பது, ஊசல் போல வீசித் தலைகீழாகப் புரட்டுவது, இரண்டையும் அடுத்தடுத்து முடித்தார்கள். அதற்குள் பேத்தி தன் பட்டியலில் நான்கை முடித்துவிட்டு, அண்ணனைவிட ஒன்று கூடுதல் என்று விரலை நீட்டிக் காட்டினாள். என் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அப்புறம் நால்வரும் சேர்ந்து ஏறும் சுழல் ராட்டினம். என் மனைவி ஏற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள், இறங்கும்போது இன்னொன்று கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ரீகாயில் பக்கம் மறுபடி போனேன், வெறுமனே பார்க்கத்தான். ஒன்பது பஸ் பிள்ளைகளில் பாதி அங்கே இருந்தார்கள். எண்ணினேன், 170 தலை. ஏழால் வகுத்தால் 24 நிமிஷம். க்யூவின் வாலில் வந்து நின்ற சிவப்புச் சட்டைப் பையனைக் குறித்துவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். 26-ஆவது நிமிஷம் அவன் சீட்டில் உட்கார்ந்தான். இரண்டு நிமிஷம் கூடியதற்குக் காரணமும் தெரிந்தது. மூன்று பேராக வருகிறவர்கள் பிரிய மாட்டேன் என்கிறார்கள், ஒவ்வொரு நடையிலும் ஒன்றிரண்டு சீட் காலியாகவே போகிறது.

அங்கே ஒன்று பார்த்தேன், மனசைப் பிசைந்துவிட்டது. நம் பேத்தி வயதிருக்கும் ஒரு பையன். க்யூ முழுக்க நின்று, ஏறும் இடத்துக்கு வந்த பிறகு உயரம் அளக்கும் பலகையில் நிறுத்தினார்கள். கோட்டுக்கு ஒரு விரல் கீழே. அப்பா ஷூ போட்டுப் பாருங்கள் என்கிறார், பையன் நுனிக்காலில் நிற்கிறான். ஊழியர் பொறுமையாக இன்னொரு தடவை அளந்துவிட்டு மறுத்தார். அவர் செய்ததுதான் சரி. பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பி நடக்கும்போது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போவதற்கு முன்னால் வீட்டு வாசற்காலில் ஒரு இஞ்ச் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெற்றோர்களுக்கு நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது. இல்லை என்பதைக் குழந்தை நம் வீட்டில், நம் மடியில் கேட்டுக்கொள்ளட்டும். அத்தனை பேர் பார்க்க, அரை மணி நேரம் ஆசையோடு நின்ற பிறகு கேட்க வேண்டாம்.

ஒரு மணிக்குத்தான் எல்லோருக்கும் பசிக்கும், அதனால் நாங்கள் பன்னிரண்டரைக்கே சாப்பிட உட்கார்ந்தோம். மேஜை தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிய நேரத்தில் ஸ்கை வீல். உயரமான கோபுரத்தின் தலையில் வைத்திருக்கும் ராட்டினம் அது, லிஃப்டில் ஏறிப்போக வேண்டும். மெதுவாகச் சுற்றுவதால் சாப்பிட்ட வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. சுற்றிலும் ராமநகரப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் தெரிந்தன. "நம்ம ஊர் மலை மாதிரியே மொட்டையா இருக்கு" என்றாள் மனைவி.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் நீருக்குப் போனோம். தை மாதத்துப் பெங்களூரில் பதினோரு மணிக்கு நனைந்தால் நாள் முழுக்க நடுக்கம்தான். குளங்களில் சிலவற்றில் வெந்நீர் விடுகிறார்கள், மழை நடனத்திலும் வெதுவெதுப்பான நீர்தான், அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். நீர்ப் பகுதியில் வரிசை எளிது. உயரமான சறுக்குகள் முதலில், அவற்றுக்குத்தான் படிக்கட்டில் க்யூ நிற்கும். பிறகு மிதவையில் சாய்ந்து மிதந்து போகும் லேசி ரிவர், பிறகு அலைக்குளம். அலைக்குளத்தில் பேத்தி தொப்பென்று விழுந்து எழுந்து சிரித்த சிரிப்பைப் பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே 140 கேட்கிறவர் யாரும் இல்லை.

நான்கு மணிக்கு ஏறி உடை மாற்றிக்கொண்டோம். எல்லோரும் நீர் மூடும்வரை இருந்துவிட்டுத்தான் மறுபடி உலர் ரைடுக்கு வருவார்கள், அதனால் நாலரைக்கு ரீகாயிலில் மறுபடி ஆள் இல்லை. பேரன் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தான், பின்னோக்கி வரும்போது அதுதான் முதல் பெட்டி. அடுத்த நடையிலும் ஏறினான். காலையில் மறுத்ததற்கு இப்போது சரியாகப் போயிற்று என்று தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்.

ஃபாஸ்ட்ராக் சீட்டு வாங்கலாமா என்று மகள் காலையிலேயே கேட்டிருந்தாள். கூடுதல் பணம் கொடுத்தால் தனி வழியில் சீக்கிரம் ஏற்றிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசிக்கலாம். இன்றைக்கு நாங்கள் எங்கேயும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

வியாழன். சத்துவாச்சாரி

ராத்திரி மெயிலில் ஏறி விடியுமுன் காட்பாடியில் இறங்கினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பேரன் கண்ணைத் திறக்க முடியாமல் போனான், ஆனால் போனான்.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: காலாண்டு லீவில் போகலாமா? வேண்டாம். நம் காலாண்டு லீவும் கர்நாடகத்தின் தசரா லீவும் பெரும்பாலும் ஒன்றாக வருகின்றன, மைசூர் போகிற கூட்டமும் அதே சாலையில்தான் போகும். மே மாதமும் அப்படித்தான், இரண்டு மாநிலத்துக்கும் லீவு. பொங்கல் லீவின் பின்பாதிதான் நமக்குத் தோது. அதுவும் சனி, ஞாயிறில் விழாத வருஷமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒருவர், தம்மோடு எழுபது வயது அப்பாவும் வருகிறார், அவரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டிருக்கிறார். உட்கார வைக்காதீர்கள். ஸ்கை வீல், லேசி ரிவர், அலைக்குளத்தின் ஆழமில்லாத ஓரம், இந்த மூன்றும் அவருக்குத் தாராளமாக ஆகும். அவருடைய பட்டியலை முதலில் எழுதிவிட்டு மற்றவர்களுடையதை அதைச் சுற்றிப் போடுங்கள். பிள்ளைகள் சறுக்குக்குப் படி ஏறும்போது அவர் லேசி ரிவரில் இருக்கட்டும். இதய நோயோ முதுகுவலியோ இருந்தால் எந்த ரைடுக்கு முன்னாலும் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

காரில் போகிறவர்கள் பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய், பெங்களூர் நகருக்குள் நுழையாமல் எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலிருந்து நைஸ் ரோட்டில் திரும்பி மைசூர் சாலையைப் பிடிக்கலாம். அப்படிப் போனாலும் பதினோரு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்றால் வேலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பியாக வேண்டும், பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ரைடில் ஏறுவார்கள். முதல் நாள் ராத்திரியே போய்க் கெங்கேரியிலோ பிடதியிலோ தங்கிவிடுங்கள்.